தறி ஓடிக்கினுதான் இருக்குது

காயத்ரிக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. எப்படிச் சுற்றிப் பார்த்தாலும் தப்பு கடைசியில் அவள் வாயில்தான் வந்து நின்றது.

அவள் கணவன் குமரகுரு மனநல மருத்துவமனையில் படுத்திருந்தான். பட்டு நெசவுக்காரன். சோறு இறங்காமல், பேச்சில்லாமல், மாதக்கணக்கில் சுவரைப் பார்த்தே கிடந்தவன். இரண்டு தடவை ஏரிக்கரையிலிருந்து ஆள் வைத்துக் கூட்டி வந்தார்கள். இப்போதுதான் ஒரு கை சோறு தின்கிறான். அதற்குள், மகள் வேலை பார்க்கும் ஒரகடம் கம்பெனி எடுத்திருந்த இன்சூரன்ஸில் கைவிரித்துவிட்டார்கள். நோயாளி தினமும் தொழில் செய்துகொண்டிருந்தாராம். ஆகவே உள்ளே தங்கவைக்கத் தேவையில்லையாம். வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிடலாமாம். வீட்டுக்கும் ஏரிக்கும் எவ்வளவு தூரம் என்று அவர்களுக்கு என்ன தெரியும்.

"நாங்களா எழுதலக்கா," என்றாள் மருத்துவமனையின் இன்சூரன்ஸ் மேஜையில் இருந்த சிம்ரன். "சேர்க்கறப்போ வேலைக்குப் போறாரான்னு டாக்டர் கேட்டாரு. தறி ஓடிக்கினுதான் இருக்குதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

சொன்னாள்தான். நெசவுக்காரர் வீட்டில் யார் கேட்டாலும் அதுதான் பதில். சாவு வீட்டில் கேட்டாலும் அதுதான். தறி நின்றுவிட்டது என்று வாயால் சொன்னால் வீட்டு லட்சுமி போய்விடுவாள். அது முதலாளி காதில் விழுந்தால் நெய்யத் தரும் பாவு நூலைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. குமரகுரு படுத்த நாள் முதல் தறிக்குழியில் உட்கார்ந்து நெய்தவள் அவள். கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். அதனால் புருஷனுக்குத் தோள் வலி என்று முதலாளியிடம் ஒரு கதை விட்டு, கோர்வை இல்லாத சேலைக்குப் பாவு வாங்கி ஒப்பேற்றியிருந்தாள்.

"அப்பீல் போடலாம்க்கா. அவர் நெய்யலைன்னு முதலாளிகிட்ட எழுதி வாங்கியாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆகலைன்னா டிஸ்சார்ஜ்தான்."

முதலாளி வரதராஜன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப இத்தினி நாளா தறியில உக்காந்தது யாரும்மா?"

"நான்தாங்க."

"எங்கிட்ட ஏன் மறைச்ச?"

"சொல்லியிருந்தா பாவு குடுத்திருப்பீங்களா?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேனாவை எடுத்தார். குமரகுரு நெய்யவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அந்த மட்டில் நல்ல மனுஷர்தான். மறுநாள் காலையிலேயே அவருடைய ஆள் வந்து தறியில் மிச்சமிருந்த பாவு நூலை அறுத்துச் சுருட்டிக்கொண்டு போனான். காயத்ரி தடுக்கவில்லை. அழுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

கடிதம் மட்டும் போதாது என்றார்கள். இன்சூரன்ஸ் டாக்டர் நோயாளியிடமே போனில் பேசவேண்டுமாம். சிம்ரன் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். குமரகுரு எதிரில் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"தறி வேலைன்னு போட்டிருக்கு. வேலை நடக்குதா?"

காயத்ரி அவன் வாயையே பார்த்தாள். பிறந்ததிலிருந்து வேறு பதில் பழகாத வாய் அது. சாடை காட்டலாமென்றால் அவன் நிமிரவே இல்லை.

"தறி ஓடிக்கினுதான் இருக்குது சார்," என்றான் குமரகுரு.

அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தாள். பாவும் போச்சு, இதுவும் போச்சு. சிம்ரன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

குமரகுரு குனிந்தபடியே தொடர்ந்தான்.

"நான் ஓட்டல சார். அவ ஓட்டிக்கினு இருக்கறா. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கினே படுத்திருப்பேன். எழுந்து போயி உக்காரணும்னு தோணும். கால் வராது. அந்தச் சத்தம் தாங்காமதான் சார் ஏரிக்குப் போனேன்."

போனில் டாக்டர், "அவர் அங்கேயே இருக்கட்டும்மா, நான் எழுதிடறேன்," என்றார்.

சிம்ரன் நன்றி சொன்னது காயத்ரி காதில் விழவில்லை. சுவரைப் பார்த்துக் கிடந்தவனுக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். அவனைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் தறியின் மிதியை மிதித்தாள்.

வார்டுக்குத் திரும்பும்போது குமரகுரு மெல்லக் கேட்டான். "இப்ப தறியில யாரு?"

"யாருமில்ல. நின்னுபோச்சு," என்றாள் காயத்ரி.

அந்த வார்த்தையை அவள் வாய் அதுவரை சொன்னதில்லை. அவன் தலையை ஆட்டிக்கொண்டான். அன்று மதியம் இன்னொரு கை சோறு கேட்டு வாங்கித் தின்றான்.