மேட்டில் நட்ட கம்பம்

அப்பாவுக்கு அவள் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கம்பெனிக்காரன் வாசலில் வந்து நின்றான். துக்கம் கேட்க வந்திருக்கிறான் என்று தம்பி நாற்காலி போட்டான். உட்கார்ந்ததும் அவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தான். வயலில் நட்ட சென்சார் கம்பத்தைக் கழற்றிக்கொண்டு போக வேண்டுமாம். 'கருவி நன்றாக வேலை செய்தது' என்று ஒரு கையெழுத்து போட்டால் போதுமாம்.

அவளுக்கு உச்சந்தலைக்குச் சுர்ரென்று ஏறியது. பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கிறோம், இவனுக்குக் கையெழுத்து கேட்கிறது!

அந்தக் கருவியை வாங்கச் சொன்னவளே அவள்தான். அதை யாரிடம் போய் அழுவது? அதுவரை அப்பா தினமும் காலையில் கோதுமை வயலின் பள்ளத்தில் இறங்கி, வெள்ளைக் கைக்குட்டையால் நாலு இலையைத் துடைத்துப் பார்ப்பார். துணியில் மஞ்சள் ஒட்டினால் துரு நோய் வந்துவிட்டது என்று அர்த்தம்.

"எந்தக் காலத்துல இருக்கீங்கப்பா? இலையில எவ்வளவு நேரம் ஈரம் நிக்குதுன்னு அதுவே அளந்து, நோய் வருமான்னு போன்ல சொல்லிடும். நீங்க சும்மா இருங்க" என்று கிண்டலடித்தாள். மகள் சொன்னால் மறுபேச்சு ஏது? கைக்குட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். மூன்று வாரம் போன் பச்சையே காட்டியது. நாலாவது வாரம் பள்ளம் முழுக்க மஞ்சள். மனுஷன் பதறிப்போய், மருந்துத் தொட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் தனியாக அடித்தார். மூன்றாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்துவிட்டார்.

கையெழுத்தைப் போட்டுத் தொலை, வண்டி வர நேரமாச்சு என்று தம்பி காதோரம் முணுமுணுத்தான். அப்பாவின் சட்டைப் பையில் வைப்பதற்காக அலமாரியிலிருந்து எடுத்திருந்த கைக்குட்டை அவள் கையிலேயே இருந்தது. அப்படியே எழுந்து, கம்பெனிக்காரனை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

கம்பம் சாலையோர மேட்டில், வெயிலும் காற்றும் நன்றாக அடிக்கிற இடத்தில் நின்றது. பள்ளத்துல நட்டு வைங்க, அங்கதான் ஈரம் நிக்கும் என்று அப்பா எத்தனை தடவை சொன்னார்!

"ஏன் இங்க நட்டீங்க?"

அவன் தன் ஷூவைப் பார்த்தான். "அன்னைக்கு உள்ள ஒரே சேறுங்க. எல்லாம் ஒரே வயல்தானேன்னு..."

"இறங்குங்க."

"மேடம், நான்..."

"இறங்குடா."

இறங்கினான். பத்தடி நடப்பதற்குள் பேன்ட் முழங்கால்வரை மஞ்சளாகிவிட்டது. அவளும் இறங்கி, கைக்குட்டையால் ஓர் இலையைத் துடைத்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் தானாவது இறங்கிப் பார்த்திருக்கலாமே என்று தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. அவனிடமிருந்து தாளைப் பிடுங்கினாள். 'நன்றாக' என்பதற்கு முன்னால் 'மேட்டில்' என்று எழுதி, கீழே கையெழுத்து போட்டாள்.

வீட்டில் வண்டி வந்து நின்றிருந்தது. மஞ்சள் படிந்த கைக்குட்டையை மடித்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தாள். வேற நல்லதா வைக்கலாமே என்றான் தம்பி.

அவள் விட்ட இடத்திலிருந்து பொத்தானைப் போட ஆரம்பித்தாள்.