சம்புதான்

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம். நெமிலிச்சேரியில் வேம்புலியம்மாள் வீட்டுச் சுவரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட வந்த சர்வேயர், கொல்லையில் ஆளுயரத்துக்கு நின்ற புல்லைக் காட்டினார்.

"சம்பு வளர்ந்திருக்கு. தண்ணி நிக்கிற எடத்துலதான் சம்பு வரும். இது ஏரிப் புறம்போக்கு. இடிச்சிடுவாங்க."

பக்கத்து வீட்டுக் கஜபதி அவள் காதோரம் குனிந்தான். "கோரைன்னு சொல்லிடுக்கா. கோரை எங்க வேணா மொளைக்கும். பூ உடாத வரைக்கும் ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்."

அவளுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. மாமனார் காலத்திலிருந்து இந்த மண்ணில் களையெடுத்தவள் பொய் சொல்லியா பிழைக்க வேண்டும்? ஒரு தண்டைப் பிடுங்கி விரலிடுக்கில் உருட்டினாள். கோரையாக இருந்தால் மூன்று பட்டையும் விரலில் நெருடும். இது வழுவழுவென்று உருண்டது.

"சம்புதான்," என்றாள். கஜபதி தலையில் கை வைத்துக்கொண்டான்.

"நாங்க பயிர் வச்சப்போ இங்க கோரைதான் கெடந்துச்சு சார். சம்பு நாலு வருசமாத்தான் கீது. இன்னாத்துக்கு வந்துச்சுன்னு காட்டறேன், வா."

கொல்லையில் வந்து தேங்கிய சாக்கடையை ஒட்டியே அவள் நடந்தாள். பெயின்ட் டப்பாவோடு சர்வேயர் பின்னால் போனார். ஆபீசர்கள் புதிதாகக் கட்டிக்கொண்ட காலனியின் மதிலுக்கு அடியிலிருந்து சாக்கடை கொட்டிக்கொண்டிருந்தது. மதிலோரம் முழுக்கச் சம்பு, அவள் கொல்லையில் இருந்ததைவிட உயரமாக.

அவள் ஒன்றை ஒடித்து அவர் கையில் திணித்தாள்.

"உருட்டிப் பாரு சார். அப்போ இதுவும் ஏரிதானே? மொதல்ல இந்தச் சொவத்துல போட்டுட்டு வா. நான் ஊட்லதான் கீறேன்."