ஒன்பது குழந்தைகளைக் கொன்றவள்

“அந்தக் குழந்தைய மூணாவது அத்தியாயத்துலயே முடிச்சிடுங்க, ஃபினோலா” என்றாள் பிலிப்பா. என் சரித்திரக் காதல் நாவல்களை வெளியிடும் லண்டன் பதிப்பகத்தில், கையெழுத்துப் படிகளைத் திருத்துகிறவள் அவள். நான் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு உருளைக்கிழங்கை வடித்துக்கொண்டிருந்தேன். ஆவி முகத்தில் அடித்தது. “காய்ச்சல்னு வெச்சுக்கலாம். கப்பல் கவிழ்றது போன புத்தகத்துலயே வந்துடுச்சு.”

“இந்தத் தடவ அவன் பொழச்சுக் கிடக்கட்டுமே.”

“இடுப்புல பிள்ளையோட நிக்கிறவள எந்தப் பிரபு கட்டிப்பான்? சோகம் வேணும், நான் வேண்டாங்கல. அது தொட்டில்ல கிடந்து அழக்கூடாது, அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்தி அனுப்புங்க. இல்லேன்னா இந்தப் புத்தகம் எங்களுக்கு வேண்டாம்.”

ஒன்பது நாவல்கள் எழுதியிருக்கிறேன். ஒன்பதிலும் நாயகி எங்கள் ஐரிஷ் நாட்டுப் பெண். செம்பட்டைக் கூந்தல், பச்சைக் கண்கள், நெஞ்சில் ஒரு காயம். பஞ்சத்தில் வீட்டை இழந்திருப்பாள். பண்ணையார் மகனை நம்பி மோசம் போயிருப்பாள். இரண்டாம் அத்தியாயத்தில் பெறுவாள், மூன்றாம் அத்தியாயத்தில் புதைப்பாள், ஐந்தாம் அத்தியாயத்தில் குதிரையிலிருந்து ஒரு பிரபு இறங்குவான். செத்த குழந்தை எவ்வளவு வசதியானது! அது பசித்து அழுவதில்லை. தகப்பன் யாரென்று கேட்பதில்லை. முப்பது ஆண்டு கழித்து வாசலில் வந்து நிற்பதில்லை. ஆனால் இந்தப் பத்தாவது கதையில், ராஸ்காமன் ஊர் ஏழையர் விடுதியில் நாயகி ஹனோரா பெற்றெடுத்த ஆண் குழந்தை சாக மறுத்தது. மூன்று முறை கொன்றேன்; மூன்று முறையும் தாளைக் கிழித்தேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. எரிச்சல் மட்டும் இருந்தது.

இறுதியில் இழிவான ஒரு வழியைத் தேர்ந்தேன். என் பழைய மரணங்களில் ஒன்றை எடுத்துச் சற்றே மாற்றி எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். என்னிடமிருந்த என் நாவல் பிரதிகளை யார் யாரோ வாங்கிச் சென்று திருப்பித் தரவில்லை. ஆகவே வியாழக்கிழமை, தேவாலயத்து முனையில் வந்து நிற்கும் நூலக வண்டிக்குப் போனேன்.

“வாங்க, வாங்க!” என்றான் வண்டியோட்டியும் நூலகருமான மேலக்கி. “உங்க பிரபுக்கள்ல ஒருத்தனாவது இறங்கி வந்து இந்த டயர மாத்தித் தரக்கூடாதா?”

“அவனுங்களுக்கு அட்டைப்படத்துல சட்டை கிழிய நிக்கத்தான் தெரியும், மேலக்கி. டயரெல்லாம் தெரியாது.”

எங்கள் வட்டாரப் பெண்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அட்டைகள் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதால், படித்த புத்தகத்தையே மீண்டும் எடுத்துவிடாமலிருக்க, உள்ளே ஓரிடத்தில் தனக்கென்று ஒரு குறி வைப்பார்கள். ஒருத்தி ஏழாம் பக்கத்து எண்ணை வட்டமிடுவாள். இன்னொருத்தி கடைசித் தாளில் ஒரு கோடு இழுப்பாள். மேலக்கி பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவான்.

என் நாவல்களைப் பிரித்தேன். குழந்தை கண்மூடும் வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் சிறியதொரு பெருக்கல் குறி. அடுத்த நாவலிலும் அதே இடத்தில் அதே குறி. ஒன்பதிலும் இருந்தது. என் மார்பு விம்மியதை மறைக்கமாட்டேன். என் உச்ச வரிகளில் நின்று கண்ணீர் சிந்திய வாசகி ஒருத்தி இருக்கிறாள் என்றே எண்ணினேன்.

“இது யாரோட குறி?”

“கன்செப்டா லாவினோடது. உங்க புதுப் புத்தகம் வந்தா முதல் ஆளா வந்து நிப்பாங்க. இதோ, ஆளே வந்தாச்சு.”

கன்செப்டா மழைக்கோட்டை உதறியபடி படியேறினாள். எழுபதைக் கடந்தவள், பள்ளிக்கூடச் சமையலில் காலம் கழித்தவள், தனிக்கட்டை. நான் புத்தகத்தை அவளிடம் நீட்டினேன்.

“இந்த வரி உங்களுக்கு அவ்வளவு பிடிச்சுதா, கன்செப்டா?”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “பிடிச்சுதாவா? அது நான் புத்தகத்த மூடுற இடம்டி.”

“அப்போ மிச்சம்?”

“மிச்சத்துல என்ன இருக்கு? அவ பிரபுவக் கட்டிக்கிட்டா எனக்கென்ன, பாதிரியாரக் கட்டிக்கிட்டா எனக்கென்ன.”

மேலக்கி சிரிக்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து அடங்கினான்.

“பின்ன ஏன் ஒவ்வொண்ணையும் வாங்கிட்டுப் போறீங்க?”

“ஒரு தடவயாவது விட்டுவைப்பன்னுதான்.” அவள் குரல் உயரவில்லை. “என் பையன் சாகல, ஃபினோலா. ஆறு வாரம் பால் குடிச்சான். கன்னியாஸ்திரி வந்து குளிப்பாட்டித் தர்றேன்னு வாங்கினா. சன்னல் வழியா பாத்தேன், கார்ல வெச்சு மூடினாங்க. நல்லாக் கத்தினான். செத்த புள்ள அப்படிக் கத்தாது.”

ஊருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். பதினேழு வயதில், மணமாகாமல் பிள்ளை உண்டாகி, அவள் கன்னியர் மடத்துக்கு அனுப்பப்பட்டதும், வெறுங்கையோடு திரும்பியதும் தெரியாதவர் இங்கே எவர்? அந்த மடத்துக்குப் பால் ஊற்றினோம், கரி விற்றோம், துணி வெளுக்கக் கொடுத்தோம்; அரை நூற்றாண்டு வாய் திறக்கவில்லை. தந்தையும் பாதிரியும் சட்டமும் கைகோத்து உயிரோடு பறித்து, யாருக்கோ தத்துக்கொடுத்த பிள்ளைகளை, நான் மை தொட்டு அடக்கம் செய்தேன். அழகாக அடக்கம் செய்தேன். அதற்குப் பாராட்டும் பெற்றேன். பறித்தவர்களுக்கு என் நாவலைவிட நல்ல வழக்கறிஞர் கிடைத்திருக்க முடியுமா?

இவ்வளவும் நெஞ்சில் முட்டிமோத, வாயில் வந்தது, “மன்னிச்சிடுங்க” என்ற ஒரு சொல்.

“அத வெச்சு நான் என்ன செய்ய? பத்தாவது எப்ப வருது?”

வெள்ளிக்கிழமை காலை நானே லண்டனை அழைத்தேன்.

“குழந்தை சாகாது, பிலிப்பா.”

“அப்ப புத்தகமும் வராது, அட்டையில உங்க பேரும் வராது. யோசிச்சுத்தான் பேசறீங்களா?”

“ஒன்பது புத்தகமா யோசிக்கல. இப்பத்தான் யோசிக்கறேன்.”

அவள் தொலைபேசியை வைத்துவிட்டாள். இனி இதை அச்சிட எவர் இருக்கிறார் என்று தெரியாது. நான்காம் அத்தியாயத்துக்கு உட்கார்ந்தேன். ஹனோரா விடுதியின் வாயிலைக் கடந்து, பிள்ளையைச் சால்வையில் கட்டிக்கொண்டு மேற்குச் சாலையில் நடந்தாள். அதற்குமேல் பேனா நகரவில்லை. வயது அறுபதாகிறது, மணம் செய்துகொள்ளாதவள் நான், இரண்டு மாதத்துக்குமேல் ஒரு குழந்தையையும் நான் வாழவிட்டதில்லை. அது என்ன செய்யும்? எதைப் பார்க்கும்? கன்செப்டாவிடம் கேட்கலாமா என்று எழுந்தேன். அவளுக்கும் ஆறு வாரத்துக்குமேல் தெரியாது என்பது உறைத்து, கோட்டை மாட்டியபடி வாசலில் நின்றேன்.

பிறகு கடைத்தெருவுக்கு நடந்தேன். ரொட்டிக்கடை வரிசையில் ஓர் இளம்பெண் தள்ளுவண்டியோடு நின்றாள். நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் அவள் மிரண்டு, வண்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“என்ன வேணும் உங்களுக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. எத்தன மாசம்?”

“மூணு.”

குழந்தை தன் மூடிய கையை முழுதாக வாய்க்குள் திணிக்க முயன்றது. முடியாமல் வெளியே எடுத்து, எச்சில் வழியும் அந்தக் கையையே புதிதாய்க் கண்டதுபோல் உற்றுப் பார்த்தது. பின்னர் மறுபடி திணித்தது.