தௌஃபீக் கிள்ளும் இடம்

"எஸ்பேராமோ...ஸ்" என்று நான் இழுத்து முடித்ததும் அண்ணன் தௌஃபீக் சோற்றுத் தட்டோடு சிரித்தான்.

"இன்னாடி நுஸைபா, ஸ்பானிஷ் படிக்கிறியா, ஓதுறியா? தலை வேற ஆடுது."

ஆடத்தான் செய்தது. சின்ன வயதில் மதரஸாவில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து, ஆடி ஆடி, கடைசியை நீட்டி ஓதிய பழக்கம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எங்களுக்குக் கபர்ஸ்தான் மட்டும்.

மறுநாள் காலை போனில் தேர்வு. ஸ்பெயின்காரர்களுக்கு ஹோட்டல் அறை பதிவு செய்து தரும் வேலை. கிடைத்தால் சென்னையில் ஹாஸ்டல், கிடைக்காவிட்டால் பழவேற்காட்டில் அதே தையல் மிஷின். உம்மாவும் வாப்பாவும் மவுத்தான பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

வினைச்சொல்லைத் துண்டு துண்டாகப் பிரிக்க வந்துவிட்டது. எஸ்-பே-ரா-மோஸ். காத்திருக்கிறோம் என்று அர்த்தம். கடைசிக்கு முந்தின துண்டை அழுத்த வேண்டும். பாழாய்ப்போன நாக்கு கடைசித் துண்டில்தான் போய் உட்காருகிறது.

"கையை நீட்டு" என்றான். மதரஸாவில் நான் கடைசி எழுத்தை நீட்டி ஓத மறந்தால் உஸ்தாத் பார்க்காதபோது கிள்ளுவான். இப்போது என் தாளைப் பார்த்துக்கொண்டு, 'ரா' வந்ததும் கிள்ளினான். கோ-மே-மோஸ், சாப்பிடுகிறோம். 'மே'யில் ஒரு கிள்ளு. அன்று மாதிரியே வலித்தது, அன்று மாதிரியே சந்தோஷமாகவும் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நாக்கு வழிக்கு வந்துவிட்டது.

"போதும்ணே, செவந்துடுச்சி."

"நீ பூட்டா நான் யாரைக் கிள்றது?" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் கையைத் துப்பட்டாவுக்குள் இழுத்துக்கொண்டேன்.

காலையில் சத்தம் கேட்கக்கூடாது என்று ஃபேனை அணைத்தான். துறைக்குப் போய், படகு எஞ்சினைக் கொஞ்ச நேரம் போட வேண்டாம் என்று படகுக்கார வரதனிடம் சொல்லிவிட்டு வந்தான். நான் துப்பட்டாவுக்குள் என் கையை நானே கிள்ளிக்கொண்டு பேசினேன். ஒன்றுகூடப் பிசகவில்லை.

"திங்கக்கிழமை வரச் சொல்ட்டாங்கண்ணே."

வாசலில் நின்றிருந்தவனின் சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. "அல்ஹம்துலில்லாஹ்! இரு, பெரிய இறாவா வாங்கியாறேன்" என்று பையைக்கூட எடுக்காமல் இறங்கினான்.

மார்க்கெட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். ஜன்னலில் நின்று பார்த்தேன். அவன் திரும்பவில்லை. நேராக ஏரிக்கரைக்குப் போய், செருப்பைக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கி நின்றான்.