பயன்படுத்தாத விசா

மற்றவர்களுக்கு ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லும் விஷயத்தில் நானே போய் மாட்டிக்கொண்டேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று யாராவது சிரித்தால் சிரித்துக்கொள்ளட்டும். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

எங்களுடையது விசா விண்ணப்பம் நிரப்பித் தரும் கடை. ஒரு நீள மேசை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், வருகிறவர்கள் உட்கார நாலு பிளாஸ்டிக் நாற்காலி. கடை அண்ணனுடையது. வெளியே அவனுக்கு 'விசா அண்ணன்' என்றுதான் பெயர். வாயாலேயே பாதி விசாவை வாங்கிக் கொடுத்துவிடுவான். நாலு பக்க ஆங்கிலப் படிவத்தை முன்னால் வைத்தால் மட்டும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி விழிப்பான். அதனால் படிவம் என் வேலை, டிக்கெட் போடுவது அவன் வேலை. பத்து வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பாஸ்போர்ட், விசா தாள், டிக்கெட் எல்லாவற்றையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டு அண்ணன் ஒட்டித் தருவான். "ஏர்போர்ட் போய்த்தான் பிரிக்கணும்" என்று நான் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புவேன். முன்பு ஒருவர் விசாவை எடுத்துச் சொந்தக்காரர் எல்லோருக்கும் காட்டி, கடைசியில் யார் வீட்டிலோ வைத்து மறந்துவிட்டு, விமானத்தைக் கோட்டை விட்டார். அதிலிருந்து வந்த ஏற்பாடு.

என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் ஒரு பேக்கரியில் மாவு பிசைகிறார். போய் ஆறு வருடம். இடையில் இரண்டே முறைதான் வந்துபோனார். குடும்ப விசாவுக்கு மூன்று முறை போட்டு மூன்று முறையும் திரும்பி வந்தது. நாலாவது முறை கிடைத்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை: குறித்த வியாழக்கிழமைக்குள் அந்த நாட்டில் கால் வைத்துவிட வேண்டும். தவறினால் விசா செல்லாது, முதலிலிருந்து எழுத வேண்டும். அவர் நாலு பேரோடு படுத்த அறையைக் காலி செய்துவிட்டு, ஜன்னல் வைத்த தனி அறை பிடித்தார். "உனக்குன்னு ஒரு தலகாணி வாங்கிட்டேன்" என்று போனில் சொன்னபோது எனக்கு முப்பத்தெட்டு வயது என்பதே மறந்துபோனது.

அந்த வாரத் திங்கட்கிழமைக்கு அண்ணன் டிக்கெட் போட்டான். கவரை அவனே ஒட்டினான். நான் பிரிக்கவில்லை. அண்ணன் ஒட்டிய கவரை யாராவது சந்தேகப்பட்டுப் பிரிப்பார்களா?

திங்கட்கிழமை காலை ஏர்போர்ட் வாசலில்தான் பிரித்தேன், அப்படியே கவுண்டரில் நீட்டினேன். அங்கே இருந்த பெண் தாள்களைப் புரட்டிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மேடம், இது ரெண்டு தனித்தனி டிக்கெட். நடுவுல இறங்குற ஊர்ல நீங்க வெளிய வந்து பெட்டிய எடுத்து மறுபடியும் போடணும். அதுக்கு அந்த நாட்டு விசா வேணும். இருக்கா?"

அவள் பேச்சை முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டு விமானக் கம்பெனி, இரண்டு எண். 'ஒரே டிக்கெட்டாகப் போடுங்கள், இல்லையென்றால் நடுவில் இறங்கும் நாட்டுக்கும் விசா கேட்பான்' என்பது எங்கள் கடைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. டைப் அடித்தது நான். சொன்னது அண்ணன்.

"இல்லன்னா ஏத்த மாட்டீங்களா?" என்று சின்னப் பிள்ளை போலக் கேட்டேன்.

"சாரி மேடம். கொஞ்சம் ஓரமா நில்லுங்க."

ஓரமாக நின்று அண்ணனுக்குப் போன் செய்தேன். "ஐயையோ பாப்பா, என் கண்ணுல படாம போச்சே! என்னைச் செருப்பால அடி" என்று அவன் அழுதான். எனக்கு அவன்மேல் பரிதாபமாகிவிட்டது. "விடுண்ணா, நீயும் எத்தனையத்தான் பாப்ப" என்று, விமானத்தை விட்டவள் நான், அவனுக்கு ஆறுதல் சொன்னேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். பேக்கரி அடுப்படியில் தட்டுகள் மோதும் சத்தம் கேட்டது. பிறகு, "நீயே ஒரு தடவ பாத்திருக்கலாமேம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணன் கூப்பிட்டான். "கடைக்கு வா பாப்பா, உக்காந்து வேற டிக்கெட் தேடுவோம்." போனேன். பள்ளி விடுமுறைக் காலம். ஒரே டிக்கெட்டாக வியாழனுக்குள் போய்ச் சேரும் விமானம் எதிலும் ஓர் இடம்கூட இல்லை. வெள்ளிக்கிழமைக்கு நிறைய இருந்தது. வெள்ளிக்கிழமையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? தேடிக்கொண்டே இருந்தேன். அண்ணன் பக்கத்தில் நின்று 'ச்சு ச்சு' கொட்டிக்கொண்டிருந்தான்.

பத்து மணிக்கு ஒரு பெரியவரும் அவர் மனைவியும் வந்தார்கள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், மகனைப் பார்க்கப் போகிறவர். அப்போது அண்ணன் ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் வாங்கப் பக்கத்துத் தெருவுக்குப் போயிருந்தான். பெரியவர் என் எதிரில் உட்கார்ந்து பையைப் பிரித்தார்.

"நல்ல வேளைம்மா, சொன்னபடியே இருக்கீங்க. போன வியாழக்கிழம வந்தப்ப, நீங்க வெளிநாடு போறதா பக்கத்துக் கடையில சொன்னாங்க. நான் பதறிப்போயிட்டேன். இந்தப் படிவத்த யாரு எழுதுவா?"

"யார் சொன்னபடி, ஐயா?"

"அண்ணன்தான். 'அவ எங்க போகப்போறா, செவ்வாய்க்கிழம காலைல இந்த நாற்காலியிலதான் இருப்பா, தைரியமா வாங்க'ன்னாரு. நோட்டுல கூட எழுதி வச்சாரே."

போன வாரம் பயண வேலையில் நான் கடைக்கே வரவில்லை. மேசையில் கிடந்த நோட்டைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில் அண்ணனின் கோழிக் கிறுக்கலில் ஐந்து பேர். புதனுக்கு நாலு பேர். வியாழனுக்கு ஏழு பேர். எல்லாமே ஆங்கிலப் படிவம். என் திங்கட்கிழமை விமானத்துக்கு நாலு நாள் முன்பே என் வேலையைப் பங்கு போட்டு எழுதி வைத்திருக்கிறான்.

நோட்டை மூடி வைத்தேன். இருந்தாலும் பெரியவரின் படிவத்தை எழுதினேன். பாவம், அவர் என்ன செய்வார்? அவர் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடம்பு சரியில்லையா கண்ணு?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லம்மா" என்றேன். பிறந்த ஊர், தகப்பனார் பெயர், பயணத்தின் நோக்கம் என்று ஒன்றும் விடாமல் கேட்டு நிரப்பினேன். அவர்கள் படியிறங்கிய பிறகு நோட்டை அண்ணன் இடத்தில் விரித்து வைத்தேன்.

அவன் டோனர் டப்பாவோடு வந்தான். நோட்டைப் பார்த்தான். முகம் செத்துவிட்டது.

"பாப்பா, அது வந்து..."

"எது வந்து? முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாக்காதண்ணா. ரெண்டு டிக்கெட்டத் தெரிஞ்சேதான் போட்ட?"

முதலில் இல்லை என்றான். பிறகு கத்தினான். யார் சொன்னது, எவன் சொன்னது என்றான். கடைசியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ போயிட்டா இந்தக் கடைய நான் எப்படி நடத்துவேன்? விசா அண்ணனுக்கு ஒரு படிவம் படிக்கத் தெரியலன்னு நாலு பேரு சிரிக்கவா? போகாதன்னு சொல்ல எனக்கு வாய் வரல பாப்பா. ஒரு ஆறு மாசம் தள்ளிப்போனா ஆள் பழக்கிக்கலாம்னு நெனச்சேன்."

"வாய் வரலியா? ஊருக்கே பேசுற வாய் தங்கச்சிகிட்ட வரலியா?" என்றேன். "விசாவுக்குப் போட்டப்பவே போகாதன்னு நீ கேட்டிருந்தா சண்ட போட்டிருப்பேன். ஆனா விசா வர்றதுக்குள்ள ஆள் பழக்கிட்டுப் போயிருப்பேன். இப்படி ஏர்போர்ட் வரைக்கும் அனுப்பி, கைய ஆட்டி, கழுத்தறுத்துட்டியே."

எனக்கு அழுகை வரவில்லை. அப்பா போனபிறகு என் பள்ளிக்கூடப் படிவத்தில் காப்பாளர் என்று கையெழுத்துப் போட்டவன் இவன். அவன் கை என்னை எங்கேயும் தப்பாக எழுதாது என்று இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டுக்காரரிடம்கூட அன்று சொல்ல முடியவில்லை. சொன்னால் கேவலம் எனக்குத்தான் என்று தோன்றியது. மறுநாள்தான் சொன்னேன். "சரி, மறுபடி எழுது. நான் ரூமை விடல" என்றார். அவரும் நானும் கொஞ்ச நேரம் அழுதோம்.

வியாழக்கிழமை வந்தது, போனது. விசா செத்தது.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குப் போய் என் கம்ப்யூட்டரில் புது விண்ணப்பத்தைத் திறந்தேன். அன்றைக்கு வந்தவர்களைக் காத்திருக்கச் சொன்னேன். அண்ணன் எதுவும் பேசாமல் அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டான். நான் மூன்றாம் பக்கத்துக்கு வந்தபோது பின்னால் வந்து நின்றான். போகச் சொல்லியும் போகவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒரு கேள்வி. 'இதற்கு முன் கிடைத்த விசாவைப் பயன்படுத்தவில்லை என்றால் அதற்குக் காரணம்.' வருகிறவர்களுக்கு இந்த இடத்தில் உடல்நலக் குறைவு, குடும்பச் சூழ்நிலை என்று மழுப்பலாக எழுதித் தருவேன். அதற்கு யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. என் படிவத்தில் மட்டும் ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை அடித்தேன். என் அண்ணன்.

அதைப் படிக்க அவனுக்கு என் உதவி தேவைப்படவில்லை.

"அவன் தெரியாம செஞ்சுட்டான்னு பக்கத்துல சேத்துப் போடேன் பாப்பா" என்றான், மெல்ல.

"கட்டம் சின்னதுண்ணா. இதுக்குமேல கொள்ளாது" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.