பாட்டுக்குள் ஒரு நிறுத்தம்

கமலாட்சி பாடுவாள் என்பது அவள் வீட்டிலேயே யாருக்கும் தெரியாது. தறி ஓடும்போது மட்டும்தான் பாடுவாள். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் இருக்கும் அப்பாவுக்குக்கூட அவள் உதடு அசைவதுதான் தெரியும். பிள்ளை சாமி பேர் சொல்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தறியில் கரைக்கு உட்கார்ந்தவள் அவள். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று நெய்கிற பட்டுச்சேலைக்கு ஒரு ஆள் போதாது. உடலுக்கான நூல் சுற்றிய நாடாவை அப்பா எறிந்ததும் கரைக்கான நாடாவை இவள் கோத்து எறிய வேண்டும். அதற்குப் பிறகுதான் இழையை நெருக்கப் பலகை அடிக்கும். இவள் எழுந்தால் தறி நிற்கும். தண்ணீர் குடிக்கப் போனாலும் அப்பா கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். திட்டமாட்டார். அதுதான் கஷ்டம்.

சுவருக்கு அந்தப் பக்கம் பெரியம்மா வீடு. பெரியம்மா மகன் உமாபதி ஒரு பழைய ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு ‘நியூ ரெயின்போ மெல்லிசைக் குழு’ தொடங்கியிருந்தான். பழைய ரெயின்போ எது என்று யாரும் கேட்கவில்லை. உமாபதி ஆர்மோனியம், ஜீவந்தரன் பாங்கோஸ், கலியன் பாட்டு. மூவரும் மீசை அரும்புகிற வயது. ஒரே தையற்காரரிடம் பெல்பாட்டம் தைத்துக்கொண்டவர்கள். பெண் குரலுக்கும் கலியன்தான். அவன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பெண் குரல் எடுத்தால் தெருநாய் எழுந்து இடம் மாறிப் படுக்கும்.

ஆடி அமாவாசையன்று தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. அமாவாசைக்குத் தறி தொடக்கூடாது. கமலாட்சி முற்றத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை வேலையில் இருந்ததால் வாய் தானாகப் பாட ஆரம்பித்தது. சத்தம் இல்லாத நாள் என்பதை மறந்துவிட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஆர்மோனியம் நின்றது. கலியனின் தலை மேலே வந்தது.

“டேய் உமாபதி, ரேடியோ இல்லடா! உன் தங்கச்சிடா!”

அவள் முறத்தைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

அன்றைக்கே உமாபதி தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து அப்பா முன்னால் நின்றான். ஆவணியில் வாலாஜாபாத் ரைஸ்மில்காரர் வீட்டுக் கல்யாணம். வரவேற்புக்குக் கச்சேரி வேண்டுமாம். பொம்பளைக் குரல் இல்லாவிட்டால் வேண்டாமாம்.

“எங்க முதல் புரோகிராம் சித்தப்பா. கமலாட்சி வந்தாதான் நடக்கும்.”

அப்பா மகளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். “பாடுவியாம்மா நீ?”

அவள் தரையைப் பார்த்தாள்.

“ஒரு நாள்தானே, போய்ட்டு வரட்டும்” என்றார் அப்பா. “ஆனா தறியில இருக்கிற சேலை அதுக்குள்ள முடிஞ்சு இறங்கணும்பா. அதுவும் ஒரு கல்யாணப் பொண்ணுக்குத்தான் போவுது.”

மறுநாளிலிருந்து தறி வேலை முடிந்ததும் பெரியம்மா வீட்டில் ஒத்திகை. கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். ஜீவந்தரன் தாமல் பக்கத்து ஜைனர் வீட்டுப் பையன், படிப்புக்காக மாமா வீட்டில் தங்கியிருந்தான். பொழுது சாய்வதற்குள் போய்ச் சாப்பிட்டாக வேண்டும். இருட்டிவிட்டால் அவர்கள் வீட்டில் யாரும் எதையும் வாயில் வைக்கமாட்டார்கள்.

முதலில் உமாபதி தானே கட்டிய பாட்டைச் சொல்லிக்கொடுத்தான். கமலாட்சி கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்.

“பாலாறு காய்ஞ்சாலும் மணலுக்குள்ளே…”

நின்றாள். பிறகு, “தண்ணி இருக்கும்” என்று முடித்தாள்.

“ஏன் நிறுத்தற? விக்கலா?” என்றான் உமாபதி.

மறுபடி பாடினாள். மறுபடி அதே மாதிரி நின்றாள். கலியன் தொடையைத் தட்டிச் சிரித்தான். “அது கையைப் பாருடா! நாடா போடுது!”

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். வலது கை மடியைத் தாண்டிக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தது. முகமெல்லாம் சூடாகிவிட்டது. தறியில் எறிகிற நேரத்துக்கு மூச்சைப் பிடித்துப் பிடித்தே பாடிப் பழகியிருக்கிறாள். ஒவ்வொரு வரியிலும் அந்த ஓட்டை இருப்பது இதுவரை அவளுக்கே தெரியாது.

ஜீவந்தரன் சிரிக்கவில்லை. “இன்னொரு வாட்டி பாடுங்க” என்றான்.

அவள் பாடினாள். நின்ற இடத்தில் அவன் பாங்கோஸில் இரண்டு முறை தட்டினான். டுக், டும். பிறகு அவள் குரல். வரி தடுக்காமல் எழுந்து நின்றுவிட்டது. தன் மூச்சு நிற்கிற இடத்தில் இன்னொருவர் கை வந்ததும், இதுதான் இதன் முறை என்பதுபோல் இருந்தது அவளுக்கு.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா மத்ததெல்லாம் சினிமாப் பாட்டு. அதுல நிறுத்தினா கல்லு வரும்” என்றான் உமாபதி. “நிறுத்தாம பாடக் கத்துக்கோ.”

பெரியம்மா பஜ்ஜி கொண்டுவந்தாள். ஜீவந்தரன் எழுந்து சைக்கிளை எடுத்தான்.

“இன்னும் வெளிச்சம் இருக்குதே” என்றாள் கமலாட்சி. அவனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை.

அவன் அண்ணாந்து பார்த்தான். “உங்க ஓட்டு மேல இருக்குது. நான் மாமா வீட்டுக்குப் போறதுக்குள்ள ஓடிப்போயிடும்.”

“ராத்திரி பசிச்சா?”

“வயித்து மேலயே தாளம் போட்டுக்கினு படுத்துக்குவேன்.”

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மறுநாள் முழுக்க நாடா எறிந்தாள்.

எறிந்துகொண்டே நிறுத்தாமல் பாடிப் பழகினாள். குரல் தாண்டியது, கை தவறியது. கரைக்கும் உடலுக்கும் நடுவில் சின்னதாக இடைவெளி விழுந்து கண் விட்டிருந்தது. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு இழை இழையாகப் பிரித்தார். நெய்ய எடுத்த நேரத்தைப்போலப் பல மடங்கு பிரிக்க எடுத்தது. அடுத்த நாளும் அப்படியே ஆயிற்று. அதற்கடுத்த நாள் அப்பா பிரித்து முடித்துவிட்டு முதுகைப் பின்னால் வளைத்து ‘முருகா’ என்றார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

“நீ பாடிக்கோம்மா. நான் மெதுவா எறியறேன்.”

சொன்னபடி மெதுவாகவே எறிந்தார். கண் விடவில்லை. சேலையும் நகரவில்லை. அம்மா ராட்டையை நிறுத்திவிட்டு இருவரையும் பார்த்தாள்.

திட்டியிருந்தால் கமலாட்சி அழுதிருப்பாள், அழுத கையோடு வாலாஜாபாத்துக்கும் போயிருப்பாள். ஆனால் அப்பாவின் கை தனக்காகக் காத்துக் காத்து எறிவதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு உடம்பெல்லாம் ஓய்ந்துபோயிற்று. அன்று சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்குப் போய் வாசற்படியிலேயே நின்றாள்.

“நான் வரல அண்ணே.”

“விளையாடுறியா? மில்லுக்காரருக்கு நான் என்னம்மா சொல்லுவேன்?”

“சேலை இறங்கலை.”

“சித்தப்பா வேணாம்னுட்டாரா?”

“இல்ல. நான்தான்.”

“கலியன் இருக்கான்ல, கவலையை உடுடா” என்று கலியன் மூக்கைச் சுருக்கிக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை.

ஜீவந்தரன் ஏதாவது சொல்வான் என்று அவள் நின்றாள். அவன் பாங்கோஸின் தோலை விரலால் தடவிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான். “நேரமாச்சு, வரேன்” என்று அவளைத் தாண்டிப் போய் சைக்கிளில் ஏறினான். ஓட்டின்மேல் வெயில் அப்படியே இருந்தது.

கல்யாணத்தன்று மத்தியானம் தெருவில் வேன் வந்து ஆரன் அடித்தது. அப்பா எறிந்தார், அவள் கோத்து எறிந்தாள், பலகை அடித்தது. வேன் போய்விட்டது. அவள் பாடவில்லை. வேகமாக நெய்தார்கள்.

மறுநாள் காலையில் உமாபதி கசங்கிய சட்டையோடு வந்து தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்தான்.

“எல்லாம் போச்சும்மா. மானம் போச்சு.”

“கலியன் நல்லா பாடலையா?”

“அவன் என்னைக்கும் மாதிரிதான் பாடினான். கெடுத்தவன் ஜீவா. பாட்டு நேரா போய்க்கினே இருக்குது, இவன் வரிக்கு வரி நடுவுல டுக், டும்னு ரெண்டு தட்டறான். கலியன் முட்டிக்கினு நிக்கறான். நான் முறைக்கறேன், சரின்னு தலையாட்டறான், அடுத்த வரியில மறுபடியும் தட்டறான். ஜனங்க சிரிச்சே உயிரை வாங்கிட்டாங்க.”

கமலாட்சியின் கையில் நாடா இருந்தது.

“பசிதாம்மா, வேற என்ன? நாங்க பந்திக்குப் போறதுக்குள்ள இருட்டிப்போச்சு. இலை போட்டாங்க, அவன் பச்சைத்தண்ணி தொடலை. பசியில தாளம் தப்பிடுச்சு. இனிமே வேணாம்பான்னு சொல்லிட்டேன். அடுத்ததுக்கு வேற ஆளு பாத்தாச்சு.”

“அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. நீ எதுக்கு சிரிக்கற?”

“சிரிக்கல.”

சிரித்தாளா என்பது உண்மையில் அவளுக்கே தெரியவில்லை. இனி அவன் அந்தத் தெருவுக்கு வரமாட்டான். எந்த ஊர் வழியாக, யார் மூலம், என்ன சொல்லி அனுப்புவது? காரணம் பசியில்லை என்று அவனும் சொல்லவில்லை, அவளும் சொல்லப்போவதில்லை.

உமாபதி போனதும் அப்பா உடலுக்கான நாடாவைக் கையில் எடுத்தார். எடுத்தவர் எறியாமல் இருந்தார்.

“கொஞ்ச நாளா வாய் அசையலையே. பாட்டு நின்னுபோச்சாம்மா?”

“இல்லப்பா. எறிங்க.”

அவர் பழைய வேகத்தில் எறிந்தார். கமலாட்சி பாலாறு காய்ஞ்சாலும் என்று தொடங்கினாள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். கை போய் வந்தது. கண் விடவில்லை.