பெரியும்மா

மூன்றாவது குடத்துக்குத் தண்ணீர் அள்ளும்போது றபீக்காவின் கையிலிருந்து கயிறு நழுவியது. வாளி கிணற்றுக் கட்டில் மோதிப் பாதித் தண்ணீர் திரும்பவும் கிணற்றுக்குள்ளேயே விழுந்தது. கிணற்றை ஒட்டி நான்கு தடி நட்டு, வெள்ளைச் சீலையால் மறைப்புக் கட்டியிருந்தார்கள். அதற்குள்ளே பலகையில் அவளுடைய தங்கச்சி நதீரா உயிரற்றுக் கிடந்தாள்.

"கெதியா ஊத்துகா புள்ள. அஸறு தொழுகைக்கு முதல் எடுக்கணும் எண்டு ஆம்பிளையள் சொல்லித்து நிக்கிறாங்க," என்றாள் நஸீறா மாமி. ஊரில் பெண் மையித்துகளைக் குளிப்பாட்டுவது அவள்தான்.

றபீக்கா ஊற்றினாள். இலந்தை இலை போட்ட தண்ணீர் நதீராவின் தோளில் விழுந்து, ஒட்டிப்போன வயிற்றின் ஓரமாக வழிந்தது. அடிவயிற்றில் நீளமான தையல் தழும்பு. ஏழு மாதத்துக்கு முன் குழந்தையை எடுத்த இடம். நஸீறா மாமி சீலையை இழுத்து அதை மறைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்:

"வயித்து நோவுல மவுத்தானா, மார்க்கத்துக்காக உசிர் குடுத்த ஷஹீதுட கூலி கிடைக்கும் புள்ள. ஒன்ட தங்கச்சி நேரா சுவர்க்கத்துக்குத்தான்."

றபீக்காவின் நெஞ்சுக்குள் சுருக்கென்றது. வெட்கங்கெட்ட நெஞ்சு. தங்கச்சியின் மையித்து கண்முன்னே கிடக்கிறது, அதற்குள்ளும் பொறாமை. செத்தும் இவள் தனக்கு ஒரு படி மேலேதானா?

ஒரே வளவில் இரண்டு வீடு. முன்வீடு மூத்தவள் றபீக்காவின் சீதனம், பின்வீடு நதீராவுடையது. நடுவில் இந்தக் கிணறு. உம்மா மவுத்தானபோது நதீராவுக்கு ஒன்பது வயது. பேன் பார்த்ததும் ஓதப் போகச் சொல்லி அடித்ததும் கல்யாணத்துக்கு மருதாணி வைத்ததும் றபீக்காதான். அதுவரை அவளுக்குத் தங்கச்சியின் மேல் ஒரு குறையும் இருந்ததில்லை.

றபீக்காவுக்கும் சீனிமுகம்மதுவுக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருஷம், பிள்ளை இல்லை. ஓதிய நூல், நாட்டு மருந்து, மட்டக்களப்பு டொக்டர் எல்லாம் பார்த்தாயிற்று. நதீரா கல்யாணமான நாலாம் மாதமே குளிக்காமல் நின்றாள். அவள் புருஷன் அப்துல் ஹமீட் பின்னேரம் அக்கரைப்பற்றிலிருந்து வரும்போதெல்லாம் சைக்கிளில் ஒரு பை தொங்கும். ஒரு நாள் நெல்லிக்காய், ஒரு நாள் அன்னமுன்னாப் பழம். காலையில் நதீரா சத்தி எடுக்கும் சத்தம் முன்வீட்டுக் குசினி வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்துக்குக்கூட றபீக்காவுக்கு வயிறு எரிந்தது.

ஐந்தாம் மாதம், இதே கிணற்றடியில்தான் நதீரா அவளிடம் வந்து நின்றாள்.

"ராத்தா, ஒண்டுக்குப் போகக்குள்ள ரத்தமாப் போகுது."

"நோவு இரிக்கா?"

"இல்ல. ஒரு நோவும் இல்ல. ரத்தம் மட்டுந்தான்."

பிள்ளை கரைகிறது என்றுதான் றபீக்கா நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தொழுகைப் பாயில்கூடச் சொன்னதில்லை. ஆனால் இனித்தது உண்மை.

"சூடுகா. வெந்தயம் ஊறப்போட்டுக் குடி. ஹமீட் மச்சானுக்கு ஒண்டும் சொல்லாத, ஒன்ட மாமிக்குத் தெரிஞ்சா நோயாளி எண்டு ஊரெல்லாம் கதைப்பா," என்றாள்.

நதீரா வெந்தயம் குடித்தாள். உம்மாவே சொன்னதுபோல எடுத்துக்கொண்டாள். ரத்தம் நின்றது. பத்து நாளில் திரும்ப வந்தது, திரும்ப நின்றது. றபீக்கா ஒவ்வொரு நாளும் பின்வீட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையோ கல்லுப்போல இருந்தது. வயிறு வளர்ந்துகொண்டே போனது.

ஏழாம் மாதம் கட்டி கட்டியாக ரத்தம் போய் நதீரா மயங்கி விழுந்தாள். ஊர் ஆசுபத்திரியில் பார்த்தவர்கள் கொழும்புக்கு அனுப்பினார்கள். குழாய் விட்டுப் பார்த்த பிறகு டொக்டர் ராத்தா, தங்கச்சி இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். யாழ்ப்பாணத்து மனிதர், நரைத்த மீசை. ஹமீட் மருந்து வாங்கப் போயிருந்தான்.

"ரத்தம் பிள்ளைப்பையிலயிருந்து வரேல்லை, பிள்ளை. மூத்திரப்பையிலயிருந்துதான் வருது. உள்ளுக்க ஒரு கட்டி இருக்கு. புற்றுநோய்."

நதீரா இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"புள்ளைக்கு?"

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. ஆனால் பிள்ளை வயித்துக்க இருக்கும் மட்டும் உமக்கு வைத்தியம் செய்யேலாது. இப்பவே எடுத்தால் பிள்ளை தப்புறது கஷ்டம். ஆறு கிழமை பொறுத்தால் உமக்குக் கஷ்டம்."

"ஆறு கிழமை பொறுப்பம் டொக்டர்," என்றாள் நதீரா, அரிசி விலை சொல்வதுபோல.

டொக்டர் பேனையை எடுத்தார். "ரத்தம் போகத் தொடங்கி எவ்வளவு நாள்?"

றபீக்கா தங்கச்சியின் வாயைப் பார்த்தாள்.

"ஒரு கிழமை," என்றாள் நதீரா.

"ஒரு கிழமையில இவ்வளவு வளராதே. அதுக்கு முந்தி ஒருக்காலும் போகேல்லையா?"

"இல்ல டொக்டர்."

"ரெண்டு மாசம் முந்தி வந்திருந்தால், சின்னனாயிருக்கேக்கையே எரிச்சு எடுத்திருக்கலாம்," என்று சொல்லிக்கொண்டே அவர் எழுதினார். நதீரா அவருடைய பேனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்தாவின் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வந்ததும், "பிளேன்டீ ஒண்டு குடிச்சா நல்லம் ராத்தா," என்றாள். அவ்வளவுதான்.

ஆறு கிழமைக்குப் பிறகு பெண் குழந்தையை வெட்டி எடுத்தார்கள். றாஹிலா என்று நதீரா பெயர் வைத்தாள். றபீக்காவுக்கு அடிவயிறு பற்றியெரிந்தது. பதினொரு வருஷமாக, பிள்ளை கிடைத்தால் வைப்பதற்கென்று அவள் தங்கச்சியிடம் மட்டும் சொல்லிப் பொத்திவைத்திருந்த பெயர் அது. அதையும் எடுத்துக்கொண்டாளே என்று, நோயாளியின் கட்டிலடியில் நின்றே மனதுக்குள் ஏசினாள்.

வைத்தியம் செய்தார்கள். கட்டி அதற்குள் பையைத் தாண்டிப் போயிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். குழந்தைக்குப் பால்மா கரைப்பது, குளிப்பாட்டுவது, தாலாட்டுவது எல்லாம் றபீக்கா. கட்டிலில் கிடந்தபடி நதீரா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நாலு நாளைக்கு முன், ஒருவரும் இல்லாத நேரத்தில் நதீரா அவளை அருகே கூப்பிட்டாள்.

"அண்டைக்குக் கிணத்தடியில நீங்க சிரிச்சீங்க ராத்தா. வாயால இல்ல. நான் கண்டன்."

றபீக்கா குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். "நதீரா, நான்..."

"ஒண்டும் கதைக்க வேணாம். நான் மன்னிச்சுப் பொருந்திட்டன். அல்லாஹ்வும் பொருந்துவான்." மூச்சு வாங்கினாள். "இப்ப எனக்கு உங்களப் பாக்க வயிறெரியுது. நீங்க அவளத் தூக்கக்குள்ள, அவள் உங்கட கழுத்துல மூஞ்சப் புதைக்கக்குள்ள, எரியுது. எப்படி எரியும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

றபீக்கா தலையாட்டினாள். அவளைவிட வேறு யாருக்குத் தெரியும்?

"புள்ளைய உங்களுக்குத்தான் தாறன். நீங்க ஆசைப்பட்ட பேரையும் தந்திட்டன், உங்களுக்காகத்தான் வெச்சன். ஒண்டே ஒண்டு. அவள் உங்கள உம்மா எண்டு கூப்பிடப்படாது. அதை எனக்கு விடுங்க ராத்தா."

"ஓம்," என்றாள் றபீக்கா.

குளிப்பாட்டி முடிந்தது. கபன் துணி சுற்றி, முகத்தை ஒருமுறை காட்டினார்கள். சந்தூக்குப் பெட்டியில் வைத்துத் தூக்கியபோது பெண்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். கலிமாச் சத்தம் தெருமுனையில் திரும்பி, குறைந்து, இல்லாமல் போயிற்று.

அஸறு தொழுகைக்குப் பிறகு அப்துல் ஹமீட் மையவாடியில் அடக்கிவிட்டு வந்தான். முழங்கால் வரைக்கும் கடற்கரை மணல். முன்வீட்டில் பாயில் இருந்த பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டு வழிவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த குழந்தையை அவன் கொஞ்ச நேரம் தோளில் போட்டு வைத்திருந்தான். பிறகு றபீக்காவிடம் நீட்டினான்.

"உம்மாட்டப் போங்க மகள்."

"இனி இவதானே உம்மா," என்றாள் ஒருத்தி மூக்கைச் சிந்தியபடி. "பெத்தவளுக்கு நசீபு இல்ல."

வாங்கியதும் குழந்தையின் அழுகை நின்றது. றபீக்காவின் முக்காட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு, "ம்மா... ம்மா..." என்றது. ஒரு கிழமையாகப் பசி வந்தால் அது எழுப்பும் சத்தம் அதுதான். ஆனால் பெண்கள் விடுவார்களா?

"பாருங்ககா, உம்மா எண்டு கூப்பிடுது!"

"ஆளத் தெரிஞ்சித்து அதுக்கு!"

பதினொரு வருஷம். றபீக்காவின் உடம்பெல்லாம் அந்தச் சொல்லுக்குக் காதாகி நின்றது. நதீரா கேட்டதை அறிந்தவர் இந்த வீட்டில் யாரும் இல்லை. அறிந்த ஒருத்தியும் மண்ணுக்குள் போய்விட்டாள். சும்மா நின்றாலே போதும், வாய் திறக்கவே வேண்டாம். ஊரே அந்தச் சொல்லை அவள் மடியில் கொண்டுவந்து போட்டுவிடும்.

"பெரியும்மா," என்றாள் றபீக்கா. குழந்தையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பவும் சொன்னாள். "நான் பெரியும்மா, மகள்."

ஹமீட் தலையைக் குனிந்துகொண்டான். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள்.

அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்கு வந்தாள். மறைப்புத் தடிகளைப் பிடுங்கியாயிற்று, நாலு குழிகள் இருந்தன. மண் இன்னும் ஈரம். இலந்தை இலைகள் ஒட்டிக்கிடந்தன. குழந்தை வாளிக்குள் கிடந்த தண்ணீரை எட்டிப் பார்த்து மறுபடியும், "ம்மா," என்றது.

றபீக்கா பின்வீட்டைப் பார்த்தாள். குழந்தை அழும்போது இந்த ஏழு மாதமும் குரல் கொடுத்ததுபோலவே, சற்றுச் சத்தமாகச் சொன்னாள்:

"நதீரா, ஒன்னக் கூப்பிடுறாள்."

பின்வீட்டுக் கொடியில் நேற்றுத் தோய்த்துப் போட்ட நதீராவின் சட்டையும் குழந்தையின் துணிகளும் காய்ந்து கிடந்தன. அவள் குழந்தையின் துணிகளை மட்டும் எடுத்தாள்.